மங்கல் வெளிச்சத்தில் கண்ணில் படுதல்: படகோட்டிகளுக்கும் நீந்துபவர்களுக்கும் ஓர் அறிமுகம்

மாலை மங்கும் நேரத்தில் நீரில் இருப்பவரை, வானில் மிச்சமிருக்கும் வெளிச்சமே ஏமாற்றிவிடுகிறது. கழுத்தளவு நீரிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது, வெளுத்த வானத்தின் முன்னால் வரும் படகு கரிய உருவமாகத் துல்லியமாகத் தெரிகிறது. எஞ்சின் ஓசையும் கேட்கிறது. நமக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் படகிலிருந்து நாமும் தெரிவோம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் படகோட்டியின் கண்ணுக்கு முன்னால் இருப்பது கறுத்துப்போன நீர்ப்பரப்பு. அதில் ஒரு பந்தின் அளவே வெளியே தெரியும் ஈரமான தலை, அலைக்கும் அலையின் நிழலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஒரே நேரத்தில், ஒரே தொலைவில், ஒருவர் மற்றவரைப் பார்க்கிறார். மற்றவர் இவரைப் பார்க்கவில்லை. மங்கல் வெளிச்சத்தில் நேரும் மோதல்களைப் புரிந்துகொள்ள இந்தச் சமமின்மையை மனத்தில் வைத்துக்கொள்வது போதும். விளக்கு, நிறம், வேகம் பற்றிய மற்ற எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மங்கல் வெளிச்சம் என்றால் எந்த நேரம்? சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையுள்ள பொழுதைக் குடிமை அந்தி என்றும், 12 பாகை வரையுள்ளதைக் கடல்சார் அந்தி என்றும், 18 பாகை வரையுள்ளதை வானியல் அந்தி என்றும் பிரிப்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அது நீளும். ஆனால் ஆபத்து சூரியன் மறையும் முன்பே தொடங்கிவிடுகிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது நீரின் மேல் விரியும் அந்தப் பளபளக்கும் பாதையில், சூரியனை நோக்கிச் செல்லும் படகுக்கு முன்னால் நீந்துபவர் எந்த நிறத்தில் தொப்பி அணிந்திருந்தாலும் தெரியமாட்டார். நீங்கள் நீந்தும் இடத்துக்கும் படகுகள் வரும் திசைக்கும் இடையில் சூரியன் எங்கே நிற்கிறது என்பதை, நீரில் இறங்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கண் செய்யும் மாற்றங்கள்

நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள் உள்ளன. கூம்புச் செல்கள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்து நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுகின்றன. கோல் செல்கள் குறைந்த ஒளியிலும் பார்க்க உதவுகின்றன, ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. கூம்புகளின் உணர்திறன் சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், உச்சத்தில் இருக்கிறது. கோல்களின் உச்சம் சுமார் 500 நானோமீட்டரில், நீலம் கலந்த பச்சையில். வெளிச்சம் குறையக் குறையப் பார்வையின் பொறுப்பு கூம்புகளிடமிருந்து கோல்களுக்குக் கைமாறுவதால், சிவப்பு நிறம் முதலில் இருண்டு, கறுப்பைப் போலாகிவிடுகிறது. செக் அறிஞர் யான் புர்க்கின்யே 1819இல் இதைக் கவனித்துச் சொன்னார். இன்றும் இது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு சிவப்புத் துண்டையும் ஒரு வெளிர்பச்சைத் துண்டையும் மாலையில் வெளியே அருகருகே விரித்துவைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பகலில் பளிச்சென்று முந்திக்கொண்டு தெரிந்த சிவப்பு மெல்ல மெல்லத் தரையோடு கலந்துபோகும். பச்சைத் துண்டோ நிறத்தை இழந்து சாம்பலாக, ஆனால் இன்னும் வெளிறித் தெரிந்துகொண்டிருக்கும். சிவப்பு நீச்சல் தொப்பி எச்சரிக்கை நிறம் என்று நினைத்து வாங்கியவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும்.

நியான் நிறங்கள் எனப்படும் ஒளிர் ஆரஞ்சு, ஒளிர் மஞ்சள் ஆகியவை அந்தியில் வியக்கத்தக்க அளவு எடுப்பாகத் தெரிகின்றன. அந்தி ஒளியில் நீலப் பங்கு மிகுதி. இந்தச் சாயங்கள் புற ஊதா, நீலக் கதிர்களை உள்வாங்கி நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அலைநீளங்களாக மாற்றி வெளியிடுகின்றன. ஆனால் அவை தாமாக ஒளி உண்டாக்குவதில்லை. வானத்தின் வெளிச்சம் முழுவதும் போனபின் நியான் தொப்பியும் சாதாரணத் தொப்பிதான். பகலிலும் அந்தியிலும் நிறம் உதவும், இரவில் விளக்கு மட்டுமே உதவும் என்று பிரித்து வைத்துக்கொண்டால் பணமும் மிஞ்சும்.

இருளுக்குக் கண் பழக நேரம் பிடிக்கிறது. கூம்புகள் சுமார் பத்து நிமிடங்களில் தம்மால் இயன்ற அளவு பழகிவிடுகின்றன. கோல்கள் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடங்களோ அதற்கு மேலோ ஆகலாம். வயது ஏற ஏற இது இன்னும் மெதுவாகிறது. அரை மணி நேரம் பொறுத்துச் சேர்த்த இந்தப் பார்வையை, கைப்பேசித் திரையைச் சில நொடிகள் முழு வெளிச்சத்தில் பார்ப்பதால் இழந்துவிடலாம். கோல் செல்கள் ஆழ்ந்த சிவப்பொளியை ஏறத்தாழ உணர்வதே இல்லை என்பதால்தான் படகுகளில் மங்கலான சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு: கடல் வரைபடத்தில் சிவப்பு, கருஞ்சிவப்பு மையில் அச்சிட்ட குறிகள் அந்தச் சிவப்பொளியில் கண்ணுக்கு மறைந்துவிடும். மிக மங்கலான வெள்ளை விளக்கும் தவறில்லை. வெளிச்சத்தின் அளவே முக்கியம்.

இன்னொன்று. பார்வையின் நடுப்புள்ளியில் கோல் செல்களே இல்லை. ஆகவே தொலைவில் தெரியும் மங்கிய பொருளை உற்று நோக்கினால் அது மறைந்துபோகும். சற்றே பக்கவாட்டில் பார்த்தால் மீண்டும் தெரியும். நீர்ப்பரப்பைக் கவனிக்கும்போது ஓரிடத்தில் கண்ணை நிறுத்தாமல், சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓரிரு நொடி தங்கி நகர்வது இதனால்தான் பயன் தருகிறது.

படகின் விளக்குகள் சொல்வது

படகுக்குப் புதியவர்கள் பலர், சாலை வண்டியின் முகப்பு விளக்கைப் போலப் படகின் விளக்கும் வழியைக் காட்டத்தான் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். படகின் வழிச்செலவு விளக்குகள் வழியைக் காட்டுவதில்லை. படகையே பிறருக்குக் காட்டுகின்றன. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் சொல்கின்றன. கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் ஏற்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி சூரியன் மறைவதிலிருந்து உதிப்பது வரையிலும், மூடுபனி போன்று பார்வை குன்றிய வேளையிலும் இவ்விளக்குகள் எரிய வேண்டும். இருட்டியபின் அல்ல, சூரியன் மறைந்த உடனேயே என்பதைக் கவனிக்கவும். ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்குத் தனி விதிகள் இருக்கலாம் என்பதால், அந்தந்த இடத்தின் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

விளக்குகளின் அமைப்பு எளிமையானது. அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரியும். ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டைத் தாண்டிச் சற்றுப் பின்வரை 112.5 பாகை அளவுக்குத் தெரியும். பின்புறம் வெள்ளை விளக்கு 135 பாகைக்குத் தெரியும். எஞ்சின் படகுக்கு உயரத்தில் முன்னோக்கிய வெள்ளை விளக்கு ஒன்று 225 பாகைக்கு எரியும். 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகு, உயரத்து விளக்குக்கும் பின்விளக்குக்கும் பதிலாகச் சுற்றிலும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கை வைத்துக்கொள்ளலாம். இடம், வலம் குழம்பாமலிருக்கத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது: ‘இடம்’, ‘சிவப்பு’ ஆகியவற்றின் முதலெழுத்துகள் இகர ஓசை கொண்டவை, ‘வலம்’, ‘பச்சை’ ஆகியவற்றின் முதலெழுத்துகள் அகர ஓசை கொண்டவை. ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் மறக்காது.

இதைத் தெரிந்துகொண்டால் இருட்டில் வரும் படகை வாசிக்கலாம். சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் அது உங்களை நோக்கி நேராக வருகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். அது உங்கள் முன்னால் வலமிருந்து இடமாகக் கடக்கிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் அது விலகிச் செல்லும் படகாக இருக்கலாம், நங்கூரமிட்டதாக இருக்கலாம், சுற்றொளி விளக்கு மட்டுமே உள்ள சிறு படகாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. எஞ்சின் படகுகள் இரண்டு குறுக்கே சந்திக்கும்போது, மற்றதைத் தன் வலப்பக்கம் காணும் படகே வழிவிட வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

மோதும் தடத்தில் இருக்கிறோமா என்பதை அறிய ஒரு பழைய உத்தி உண்டு. படகின் திசையை மாற்றாமல், எதிரே தெரியும் விளக்கைப் படகின் கைப்பிடிக் கம்பி ஒன்றோடு சேர்த்துப் பார்த்து, தலையை அசைக்காமல் ஓரிரு நிமிடம் கவனியுங்கள். விளக்கு கம்பியைவிட்டு முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் அது பெரும்பாலும் கடந்துபோய்விடும். கம்பியை ஒட்டியே நின்றபடி வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டிருந்தால், இருவரும் ஒரே புள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கிறீர்கள். நகராத விளக்கைக் கண் எளிதில் கரை விளக்கென்று ஒதுக்கிவிடுகிறது; மிக ஆபத்தான விளக்கும் நகராத விளக்குதான்.

விளக்கைப் பொருத்தும் இடத்தில் நடக்கும் பிழைகள் மிகச் சாதாரணமானவை. சுற்றொளி விளக்கு, படகில் எழுந்து நிற்பவரின் தலைக்கும் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முதுகே அதை ஒரு திசைக்கு முழுவதுமாக மறைத்துவிடும். தாழ்வாக இருக்கும் வெள்ளை விளக்கு ஓட்டுநரின் கண்ணிலேயே அடித்து அவர் பார்வையைக் கெடுக்கும். அழகுக்காகப் படகின் அடியில் பொருத்தும் நீல, பச்சை விளக்குகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், ஓடும்போது அவற்றை அணைத்துவைப்பதே முறை. உண்மையான விளக்குகளின் பொருளை அவை குழப்பிவிடுகின்றன.

துடுப்புப் படகு, கயாக் போன்றவற்றுக்கு விதிகள் தாராளமானவை: பக்க விளக்குகள் இல்லையென்றாலும், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன்பே காட்டும்படி, வெள்ளை ஒளி தரும் டார்ச்சோ லாந்தரோ கையில் தயாராக இருந்தால் போதும். போதிய நேரம் என்பதே சிக்கலான இடம். டார்ச் பையின் அடியில் கிடந்தால் அந்த நேரம் கிடைக்காது. கழுத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். டார்ச்சை எதிர்ப்படகின் ஓட்டுநர் முகத்தில் அடிக்காமல், உங்கள் படகின் மேலோ துடுப்பின் மேலோ அடியுங்கள். வெறும் ஒளிப்புள்ளியைவிட, வெளிச்சம் விழுந்த ஒரு முழு உருவம் அவருக்கு விரைவில் புரியும்.

வேகமும் நொடிகளும்

20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில், செல்லும் படகு நொடிக்குச் சுமார் 10 மீட்டர் நகர்கிறது. 50 மீட்டரில் ஒரு தலை தென்பட்டால் ஐந்து நொடி மட்டுமே இருக்கிறது. அது மிதக்கும் கட்டையா, பறவையா, மனிதரா என்று புரிந்துகொள்வதற்கே அதில் பாதி போய்விடும். 5 நாட்டில் சென்றால் அதே 50 மீட்டருக்கு ஏறத்தாழ இருபது நொடி கிடைக்கும். பல படகுகள் வேகமெடுக்கும் கட்டத்தில் முன்பகுதி மேலே தூக்கிக்கொண்டு ஓட்டுநரின் முன்பார்வையை மறைக்கிறது. இருளில் அந்த வேகத்தில் நீடிப்பதைவிட மெதுவாகச் செல்வதே சரி. பன்னாட்டு விதிகளும் பாதுகாப்பான வேகத்தைத் தீர்மானிக்கும்போது, கரை விளக்குகளின் பின்னொளியையும், தன் விளக்கே தெறித்துக் கண்ணைக் கூசச் செய்வதையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. விளக்குகள் நிறைந்த கரையை நோக்கி வரும்போது, அந்த ஒளிகளுக்கு நடுவே ஒரு சிறு படகின் விளக்கைப் பிரித்தறிவது கடினம்.

மூடுபனியில் முன்னால் வெள்ளொளி பாய்ச்சுவது சுவரில் விளக்கடிப்பதைப் போன்றது. அங்கே காதுதான் துணை. ஓடும் எஞ்சின் படகு இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஒலி எழுப்ப வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகு வேறொரு திறமான ஒலியையாவது அதே இடைவெளியில் எழுப்ப வேண்டும். அவ்வப்போது எஞ்சினைத் தணித்துவிட்டுக் கேட்பதும் கண்காணிப்பின் பகுதியே.

நீந்துபவர் செய்யக்கூடியவை

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: நீந்துபவருக்கென்று தனி விளக்கு நிறம் எதையும் பன்னாட்டு விதிகள் வகுக்கவில்லை. ஆகவே உங்கள் தலையில் மின்னும் விளக்கைப் பார்க்கும் படகோட்டிக்கு அது ஒரு மனிதர் என்று தெரிய வேண்டிய கட்டாயமில்லை. மிதவையாகவோ மீன்வலைக் குறியாகவோ அவர் அதை எண்ணலாம். தனியாகப் போகும் நீந்துபவருக்கு எத்தனை விளக்கு இருந்தாலும் இந்தக் குறை தீராது. சரியான விளக்குகளுடன் கூடவே வரும் ஒரு துணைப்படகு இதைப் பெருமளவு தீர்க்கும். துணைப்படகு இல்லையென்றால், படகுகள் வரக்கூடாத, மிதவைகளால் பிரித்துவைத்த பகுதிக்குள் நீந்துவது. அதுவும் இல்லையென்றால், சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே கரையேறுவது. கருவிகளைப் பற்றி இதற்குப் பிறகுதான் பேச வேண்டும்.

இழுவை மிதவை, அதாவது இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் காற்றடைத்த மிதவை, தலையைவிடப் பெரியது, உயரமானது. உள்ளே விளக்கு வைக்கும் வகைகளும் உள்ளன. அது உயிர்காப்புக் கருவி அல்ல, அடையாளம் மட்டுமே. நீந்துபவர் மிதவைக்கு ஒரு கயிற்றின் நீளம் முன்னால் இருப்பார் என்பதைப் படகோட்டிகளும் நினைவில் வைக்க வேண்டும். உடலில் விளக்கு வைப்பதானால் தலையின் பின்புறத்தில், நீச்சல் கண்ணாடியின் பட்டையில் செருகுவது சிறந்தது; முகம் நீருக்குள் இருக்கும் நீச்சலில் வெளியே இருப்பது பின்தலைதான். இடுப்பில் கட்டிய விளக்கு நீருக்கடியில் வீணாக எரியும். வேதிப்பொருள் ஒளிக்குச்சிகள் எடுத்த எடுப்பில் பிரகாசமாக இருந்து நேரம் செல்லச் செல்ல மங்குகின்றன, குளிர்ந்த நீரில் இன்னும் மங்கலாக எரிகின்றன. விளக்கு எதுவானாலும் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னும் விளக்கு கவனத்தை விரைவில் இழுக்கிறது, ஆனால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கணிக்க நிலையான விளக்கே எளிது. தலையில் ஒன்றும் மிதவையில் மற்றொன்றுமாக இரண்டு வகையையும் சேர்ப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

ரிஃப்ளெக்டர் பட்டைகளை அணிந்தாலே எந்தப் படகுக்கும் தெரிவோம் என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அவற்றிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. பத்து மீட்டரில் ஒரு பட்டையை வைத்து, டார்ச்சை உங்கள் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து அடித்தால் அது தீப்பொறிபோல ஒளிரும். அதே டார்ச்சைச் சில மீட்டர் தள்ளி நிற்கும் நண்பரிடம் கொடுத்து அடிக்கச் சொன்னால், அவருக்கு ஒளிரும், உங்களுக்கு ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது. ஆகவே தேடல் விளக்கு இல்லாமல் ஓடும் படகுக்கு உங்கள் பட்டை தெரியாது. உங்களைத் தேடி வருபவர் கண்ணருகே டார்ச் பிடித்துத் தேடும்போதுதான் அதன் மதிப்பு. அந்த வேலைக்கு அது ஈடிணையற்றது. லைஃப் ஜாக்கெட்டின் தோளிலும் காலரிலும் அது ஒட்டப்பட்டிருப்பது அதற்காகவே. கப்பல்களுக்கான தரப்படி லைஃப் ஜாக்கெட் விளக்கு 0.75 கேண்டெலாவுக்கு (ஒளிச்செறிவின் அலகு) குறையாத வெள்ளொளியை 8 மணி நேரம் தர வேண்டும்; விசிலும் உடன் இருக்க வேண்டும். சிறு படகில் போகிறவருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

காதை நம்பி நீந்துவதும் சரியல்ல. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது, காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இரு காதுகளையும் அது ஏறத்தாழ ஒரே கணத்தில் எட்டிவிடுவதால், எஞ்சின் ஓசை எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோலத் தோன்றும். பாய்மரப் படகிலும் மின்சாரப் படகிலும் அந்த ஓசைகூடக் குறைவு.

இருட்டில் ஒருவர் படகிலிருந்து விழுந்துவிட்டால், எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விளக்குள்ள மிதவை எதையாவது உடனே எறிய வேண்டும். ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல், விழுந்தவர் இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நெருங்கியதும் புரொப்பெல்லர் சுழலாதபடி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். பார்வையில் தவறவிட்டால் டார்ச்சைக் கண்ணருகே பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பட்டையின் மினுக்கைத் தேடுங்கள். இடையிடையே எல்லோரும் பேச்சை நிறுத்தி விசில் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

கடைசியாக, நீந்துபவர் கரை திரும்பும் வழி. நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போது இருட்டிய கரை எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். கரையில் இறங்கிய இடத்துக்கு நேராக, நீரோரத்தில் தாழ்வாக ஒரு விளக்கையும், அதற்குப் பின்னால் சில மீட்டர் தள்ளிச் சற்று உயரத்தில் இன்னொரு விளக்கையும் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் நேர்வழியில் வருகிறீர்கள். மேல் விளக்கு ஒரு பக்கம் விலகித் தெரிந்தால், நீங்கள் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறீர்கள் என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாழ்ந்த விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நகர்ந்தால் இரண்டும் மீண்டும் ஒன்று சேரும்.